வாசகர் கேள்வி–பதில்: டெஸ்ட் ஓடும்போது பிரவுசருக்குள் என்ன நடந்தது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் தளம் சரியாக வேலை செய்கிறதா என்று பிரவுசரைத் தானாக இயக்கிப் பார்க்கும் தானியங்கி டெஸ்ட்களை வீடியோவாகப் படம் பிடிப்பது பற்றியவற்றை மட்டும் தனியாக எடுத்துவிட்டோம். பெரும்பாலும் எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. ஒரே தளத்தைத் தமிழிலும் மலையாளத்திலும், இல்லையென்றால் தமிழிலும் தெலுங்கிலும் நடத்துகிறவர்களுக்குச் சிக்கலும் இரட்டிப்பு. கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிடுகிறோம். திரையில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பால் சங்கக் கணக்குத் தளம் ஒன்றுக்கு பிளேரைட் என்ற டெஸ்ட் கருவியில் டெஸ்ட் எழுதியிருக்கிறேன். வீடியோ அமைப்பை ‘ஆன்-ஃபர்ஸ்ட்-ரீட்ரை’ என்று வைத்தேன். டெஸ்ட் தோற்கிறது, ஆனால் ஃபோல்டரில் ஒரு வீடியோகூட இல்லை. எங்கே தவறு?
— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

அந்த அமைப்பின் பெயரிலேயே விடை இருக்கிறது. டெஸ்ட் தோற்று, இரண்டாவது முறையாக ஓடும்போதுதான் அது படம் பிடிக்கும். ‘ரீட்ரைஸ்’ எண்ணை நீங்கள் தொடாமல் விட்டிருந்தால் அது 0. மறுமுறை ஓட்டமே இல்லாதபோது படம் எங்கிருந்து வரும்? கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் ரீட்ரைஸ் 1 என்று வையுங்கள், வந்துவிடும்.

ஆனால் அதோடு விட்டுவிட வேண்டாம். உங்கள் டெஸ்ட் எப்போதாவது ஒருமுறை மட்டும் தோற்கும் ரகம் என்றால், மறுமுறை ஓடும்போது அது ஜெயித்துவிடும். கையில் கிடைப்பது ஜெயித்த ஓட்டத்தின் படம். தோற்ற ஓட்டம் போனது போனதுதான். இப்படி விட்டுவிட்டுத் தோற்கும் டெஸ்ட்டைப் பிடிக்க ‘ரீடெயின்-ஆன்-ஃபெயிலியர்’தான் சரி. அது எல்லா ஓட்டத்தையும் படம் பிடித்து, ஜெயித்தவற்றை அழித்துவிட்டுத் தோற்றதை மட்டும் வைத்துக்கொள்ளும். டிஸ்க்கில் இடம் மிச்சமாகும். சிபியு உழைப்பு மிச்சமாகாது, படம் எல்லாவற்றுக்கும் எடுக்கப்படுகிறது அல்லவா? இரண்டு கோர் உள்ள சின்ன மெஷினில், ஒரே நேரத்தில் எத்தனை டெஸ்ட் ஓடலாம் என்று சொல்லும் ‘வொர்க்கர்ஸ்’ எண்ணை 1 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் எடுக்கும் சுமையாலேயே பக்கம் மெதுவாகி, ஒரு டெஸ்ட்டுக்கான 30 விநாடி வரம்பைத் தாண்டி, நன்றாக இருந்த டெஸ்ட்டும் தோற்கும்.

அமைப்பை மாற்றிய பிறகும் வீடியோ வரவில்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், பக்கத்தை யார் திறக்கிறார்கள்? டெஸ்ட்டுக்கு பிளேரைட் தானாகக் கொடுக்கும் ‘பேஜ்’ என்றால் கான்ஃபிக்கில் எழுதியது செல்லுபடியாகும். எல்லா டெஸ்ட்டுக்கும் முன் ஓடும் ‘பிஃபோர்-ஆல்’ பகுதியில் நீங்களே ‘நியூ-கான்டெக்ஸ்ட்’ அழைத்து, தனி பிரவுசர் சூழலாக (கான்டெக்ஸ்ட்) திறந்திருந்தால், அங்கேயே ‘ரெக்கார்ட்-வீடியோ’ என்று எழுதி, எந்த ஃபோல்டரில் வைப்பது என்றும் சொல்ல வேண்டும். முடிவில் அந்த கான்டெக்ஸ்ட்டை மூட வேண்டும், வேலை முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் ‘அவெய்ட்’ போட்டு. மூடும்போதுதான் ஃபைல் முழுமையாகிறது. மூடாமல் விட்டால் அரைகுறை ஃபைல்தான் மிஞ்சும், சில சமயம் அதுவும் இருக்காது.

இதிலேயே இன்னொரு பொறி உண்டு. வீடியோவை வேறு பெயரில் வைக்க ‘சேவ்-ஆஸ்’ அழைப்பவர்கள் பலர். அது பக்கம் மூடப்படும் வரை காத்திருக்கும். பக்கத்தை மூடும் வரிக்கு மேலே ‘அவெய்ட்’ போட்டு சேவ்-ஆஸ் எழுதினால், அது மூடுவதற்காகக் காத்திருக்கும், மூடும் வரி அது முடிவதற்காகக் காத்திருக்கும். டெஸ்ட் நேரம் தீர்ந்து சாகும். முதலில் மூடுங்கள், பிறகு சேமியுங்கள்.

இரண்டாவது, மெஷினில் ஏற்கெனவே இருக்கும் க்ரோமைப் பயன்படுத்தி, பிளேரைட்டின் பிரவுசர்களை இறக்காமல் விட்டீர்களா? வீடியோ எழுத பிளேரைட்டுக்கு, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலின் அதற்கென்றே உள்ள பிரதி வேண்டும். ‘பிளேரைட் இன்ஸ்டால் எஃப்எஃப்எம்பெக்’ என்று தனியாக அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது மிகச் சாதாரணமானது. ‘டெஸ்ட்-ரிசல்ட்ஸ்’ ஃபோல்டர் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் துடைக்கப்படும். காலையில் வந்த வீடியோவை மதியம் இன்னொரு முறை டெஸ்ட் ஓட்டிவிட்டுத் தேடினால் இருக்காது.

படம் மங்கலாக இருக்கிறது என்பது உங்கள் அடுத்த கடிதமாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறோம். வழக்கமான 1280×720 திரையை பிளேரைட் 800×800 கட்டத்துக்குள் அடங்கும்படி 800×450 ஆகச் சுருக்கி எழுதும். ‘சைஸ்’ என்ற இடத்தில் அகலம் 1280, உயரம் 720 என்று கொடுத்தால் எழுத்துகள் படிக்கத் தெளியும். அதற்காக 1920×1080க்குப் போக வேண்டாம். பிட்ரேட் (விநாடிக்கு எழுதும் டேட்டா அளவு) அதிகரிக்காது, அதே அளவு டேட்டா பெரிய படத்தில் பரவி மறுபடி மங்கும்.

கேள்வி: ‘ரெக்கார்டிங்’ என்று ஒருவர் சொன்னால் கோட் தானாக எழுதப்படுவதைச் சொல்கிறார், இன்னொருவர் வீடியோ என்கிறார். எது சரி?
— கல்லூரி மாணவர், புத்தூர், ஆந்திரா

இரண்டும் நடப்பில் உள்ள பேச்சுதான், வேலை வேறு. நீங்கள் பிரவுசரில் கிளிக் செய்வதைப் பார்த்து டெஸ்ட் கோட் எழுதித் தருவது ஒன்று: பிளேரைட்டின் ‘கோட்ஜென்’, செலினியம் ஐடிஇ, க்ரோமின் டெவ்டூல்ஸில் உள்ள ‘ரெக்கார்டர்’ எல்லாம் இந்த வகை. எழுதிய டெஸ்ட் ஓடும்போது நடந்ததைப் பதிந்து வைப்பது மற்றொன்று. இந்தப் பக்கம் முழுக்க இரண்டாவதைப் பற்றியது. இந்த இரண்டாவதிலும் கிளை உண்டு. வீடியோ என்பது வெறும் படம். ‘டிரேஸ்’ என்பது படத்தோடு ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னும் பின்னும் பக்கம் இருந்த நிலை, நெட்வொர்க்கில் போய்வந்தவை, கன்சோல் செய்திகள் எல்லாவற்றையும் ஒரு ஜிப் ஃபைலில் கட்டித் தருவது. காரணம் தேடுகிறவருக்கு டிரேஸ், நடந்ததைக் காட்ட வேண்டியவருக்கு வீடியோ.

கேள்வி: விசைத்தறிச் சேலைக் கடை ஒன்றின் ஆன்லைன் தளம். ஜாவாவில் செலினியம் (இதுவும் ஒரு டெஸ்ட் கருவி), நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக, அதாவது கன்டெய்னர்களாக, ஓட்டும் டாக்கரில் க்ரோம். வீடியோவுக்கான கன்டெய்னரையும் சேர்த்து ஓட்டினேன். ஒரு வீடியோவில் வெறும் டெஸ்க்டாப் மட்டும் தெரிகிறது, பிரவுசரே இல்லை. இன்னொன்று திறக்கவே மறுக்கிறது. டெஸ்ட் மட்டும் ஒழுங்காக ஜெயிக்கிறது!
— ஒரு வாசகர், நகரி

இரண்டு நோய், இரண்டு மருந்து.

செலினியத்துக்குத் தானாகப் படம் பிடிக்கும் வசதி கிடையாது. செலினியம் குழு தரும் வீடியோ கன்டெய்னர், பக்கத்து கன்டெய்னரில் உள்ள திரையை எஃப்எஃப்எம்பெக் கொண்டு படம் பிடிக்கிறது, அவ்வளவுதான். திரையில் இருப்பது அதற்குத் தெரியும், பிரவுசருக்குள் இருப்பது தெரியாது. உங்கள் க்ரோம் ஆப்ஷன்களில் எங்கோ ‘ஹெட்லெஸ்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்லெஸ் க்ரோம் திரையில் ஜன்னலே திறக்காது. டெஸ்ட் ஜெயிக்கும், படத்தில் காலி டெஸ்க்டாப் ஓடும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். கன்டெய்னருக்குள் கற்பனைத் திரை ஏற்கெனவே இருப்பதால் மானிட்டர் இல்லாத சர்வரிலும் சாதாரண க்ரோம் ஓடும். சந்தேகமிருந்தால் டெஸ்ட் ஓடும்போதே 7900 போர்ட்டை உங்கள் பிரவுசரில் திறந்து பாருங்கள். கடவுச்சொல் ‘சீக்ரெட்’. அங்கே ஜன்னல் தெரிந்தால்தான் வீடியோவிலும் தெரியும்.

திறக்காத ஃபைல், கன்டெய்னரைக் கொன்றதால் வந்தது. எம்பி4 ஃபைலின் அட்டவணை, எழுதி முடிக்கும் தறுவாயில்தான் பதியப்படும். ‘டாக்கர் கில்’ அல்லது ‘ஆர்எம் -எஃப்’ என்று அடித்தால் எஃப்எஃப்எம்பெக்குக்கு அட்டவணை எழுத நேரமே கிடைக்காது. ஃபைல் பல எம்பி இருக்கும், ஆனால் எந்த பிளேயரும் திறக்காது. ‘டாக்கர் ஸ்டாப்’ மட்டுமே பயன்படுத்துங்கள். அதுவும் 10 விநாடிதான் பொறுக்கும், பிறகு கொன்றுவிடும். நீண்ட வீடியோ என்றால் ‘-டி 30’ சேர்த்து 30 விநாடி அவகாசம் கொடுங்கள்.

முழு அமைப்பை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடலாம். ஒரு டாக்கர் நெட்வொர்க் உருவாக்குங்கள். அதில் ஸ்டாண்டலோன்-க்ரோம் கன்டெய்னருக்கு ஒரு பெயர் வையுங்கள், 4444, 7900 போர்ட்களைத் திறந்துவிடுங்கள், பகிர்வு நினைவகத்தின் அளவான ‘எஸ்எச்எம்-சைஸ்’ 2 ஜிபி கொடுங்கள். டாக்கர் இயல்பாகத் தருவது 64 எம்பி மட்டுமே. படங்கள் நிறைந்த சேலைப் பட்டியல் பக்கத்தில் க்ரோம் டேப் பாதியில் செத்துப்போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். அடுத்து வீடியோ கன்டெய்னர், அதே நெட்வொர்க்கில். ‘டிஸ்ப்ளே_கன்டெய்னர்_நேம்’ என்ற மாறிக்கு க்ரோம் கன்டெய்னரின் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். ‘ஃபைல்_நேம்’ மாறிக்கு வீடியோவின் பெயர். கன்டெய்னருக்குள் இருக்கும் ‘/வீடியோஸ்’ ஃபோல்டரை உங்கள் மெஷினின் ஃபோல்டரோடு இணைத்து, அதில் எழுதும் உரிமையும் கொடுங்கள். உரிமை இல்லாவிட்டால் பிழை லாக்கில் மட்டும் இருக்கும், ஃபோல்டர் காலியாகக் கிடக்கும். கன்டெய்னர்கள் உருவாகும் அச்சான இமேஜ் இரண்டுக்கும் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாமல் ஒரே வெளியீட்டின் எண்களைப் பார்த்து எழுதுவது நல்லது.

ஒரு க்ரோம் கன்டெய்னருக்கு ஒரு வீடியோ கன்டெய்னர், அந்த க்ரோமில் ஒரு நேரத்தில் ஒரே செஷன் (டெஸ்ட் திறக்கும் பிரவுசர் அமர்வு). வேகத்துக்காக ஒரே கன்டெய்னரில் மூன்று செஷன் அனுமதித்தால் மூன்று ஜன்னலும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். மேலே இருப்பதுதான் படத்தில் வரும். எது எந்த டெஸ்ட் என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

டெஸ்ட்டுக்கு ஒரு வீடியோ தனித்தனியாக வேண்டுமென்றால் கையால் கன்டெய்னர்களை ஏற்றி இறக்குவதைவிட செலினியத்தின் ‘டைனமிக் கிரிட்’ வசதி நல்லது. செஷன் கேட்கும்போது ‘எஸ்இ:ரெக்கார்ட்வீடியோ’ என்பதற்கு ‘ட்ரூ’ கொடுத்தால் அந்த செஷனுக்கென்று க்ரோமும் வீடியோவும் எழுந்து, வேலை முடிந்ததும் போய்விடும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: டெஸ்ட் தோற்றாலும் ‘க்விட்’ கட்டாயம் அழைக்கப்படும்படி அதை ‘ஆஃப்டர்-ஈச்’ பகுதியில் வைப்பது. க்விட் விட்டுப்போனால் செஷன் காலாவதியாகும் வரை அசையாத திரையே படமாகிக்கொண்டிருக்கும்.

டாக்கரே வேண்டாம் என்பவர்களுக்கு: எக்ஸ்விஎஃப்பி என்ற கற்பனைத் திரையை :99 என்ற எண்ணில் 1366×768×24 அளவில் எழுப்புங்கள். ‘டிஸ்ப்ளே’ மாறியை :99 ஆக்கி டெஸ்ட்டை ஓட்டுங்கள். எஃப்எஃப்எம்பெக்கை ‘எக்ஸ்11கிராப்’ முறையில் அதே :99ஐ விநாடிக்கு 10 ஃபிரேம் வீதம் படிக்கச் சொல்லுங்கள். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். 1367 என்று கொடுத்தால் ‘2ஆல் வகுபடவில்லை’ என்று எச்264 நின்றுவிடும். இங்கே ஜன்னல் மேலாளர் என்று எதுவும் இல்லாததால் ‘மேக்ஸிமைஸ்’ பலிக்காது. க்ரோமுக்கு ‘விண்டோ-சைஸ்’, ‘விண்டோ-பொசிஷன்’ இரண்டையும் நேரடியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் திரையின் ஒரு மூலையில் ஜன்னலும் மிச்சம் கறுப்புமாக வீடியோ இருக்கும். நிறுத்தும்போது இங்கேயும் எஃப்எஃப்எம்பெக்கைக் கொல்லாமல் கன்ட்ரோல்-சி சமிக்ஞை அனுப்புங்கள்.

கேள்வி: ஊர்ப் பெயர் பட்டியலைச் சோதிக்கும் டெஸ்ட் தோற்கிறது. வீடியோவில் ‘கொழிஞ்சாம்பாறை’ என்று சரியாகவே வந்திருக்கிறது. டெஸ்ட்டில் எழுதியிருப்பதும் அதேதான். மலையாளப் பக்கத்திலும் சில ஊர்களுக்கு இப்படி. வேறு சில வீடியோக்களில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது.
— டெக்னோபார்க்கில் பணியாற்றும் வாசகி, களியக்காவிளை

கட்டம் கட்டமாக வருவது எளிது, முதலில் அதை முடித்துவிடுவோம். சிறிய லினக்ஸ் இமேஜ்களில் இந்திய எழுத்துருக்கள் இருக்காது. டெபியன், உபுண்டு வகை என்றால் ‘ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்’ என்ற தொகுப்பை இமேஜ் கட்டும்போதே நிறுவுங்கள், தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் அதிலேயே வந்துவிடும். பிறகு ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளையில் மொழி ‘டிஏ’ என்று கேட்டால் தமிழ் எழுத்துருக்களின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் நிறுவல் பலிக்கவில்லை. கட்டம் வந்தாலும் எழுத்தை ஒப்பிடும் டெஸ்ட்கள் ஜெயிக்கும் என்பதைக் கவனியுங்கள். டெஸ்ட் எழுத்தின் எண்ணைத்தான் பார்க்கிறது, உருவத்தை அல்ல.

உங்கள் முதல் கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை, எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க என்பது 2965, கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி 3018. இப்படி இரண்டு எண் ஒரு விதம். க 2965, ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று மூன்று எண் இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. வீடியோவை நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்தே வந்துவிடுவது சகஜம். ‘கோ’, ‘கௌ’ வரிசைக்கும் இதே கதை.

கண்டுபிடிக்கும் வழி: தளத்திலிருந்து வந்த சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்து ‘கோட்-பாயின்ட்-அட்’ கொண்டு எண்களை அச்சிடுங்கள். டெஸ்ட்டில் உள்ள சொல்லுக்கும் அதேபோல். இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் துருத்திக்கொண்டு தெரியும்.

சரி செய்ய ‘நார்மலைஸ்’ என்ற செயல்பாட்டை, பிரிந்த குறிகளைச் சேர்க்கும் என்எஃப்சி முறையில் அழைத்தால் 3014, 3006 இரண்டும் 3018 ஆகச் சேர்ந்துவிடும். அதை டெஸ்ட்டில் மட்டும் போட்டு ஜெயிக்க வைத்துவிடாதீர்கள். டெஸ்ட் உண்மையான பிழையைத்தான் பிடித்திருக்கிறது. தளத்துக்கு வருகிறவர் தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்றுதான் வரும். டேட்டாபேஸில் சேமிக்கும் இடத்திலும் தேடும் இடத்திலும் நார்மலைஸ் செய்யச் சொல்லி டெவலப்பரிடம் கொடுங்கள்.

ஆனால் இந்த மருந்து எல்லாவற்றுக்கும் கேட்காது. ‘ஸ்ரீ’ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3000 என்ற ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2998 என்ற ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீகாளஹஸ்தி, ஸ்ரீசிட்டி என்று எல்லைக்கு அந்தப் பக்கம் இந்த எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது, இரண்டையும் தனி எழுத்தாகவே வைத்திருக்கும். மலையாளத்தில் சில்லு எழுத்துகளும் (உயிர் சேராத மெய்க்கான தனி வடிவங்கள்) அப்படித்தான். ‘ன்’ ஒலிக்கான சில்லு 3451 என்ற ஒற்றை எண்ணாகவும் வரலாம், 3368, 3405, 8205 என்று மூன்றாகவும் வரலாம். ஒற்றை எண் 2008இல் வந்த யூனிகோட் 5.1இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய வழக்கத்தில் தட்டிய பட்டியல்களில் மூன்று எண் வடிவம் இருக்கும். இவற்றுக்கு நீங்களே ஒரு மாற்று அட்டவணை எழுதி, சேமிக்குமுன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதே வழி.

ஆகவே, வீடியோவில் சரியாகத் தெரிந்தும் டெஸ்ட் தோற்றால் வீடியோவை மூடிவிட்டுப் பிழைச் செய்தியைப் பாருங்கள். அங்கேயும் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே அச்சாகியிருந்தால் எண்களை அச்சிட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏலக்காய் வியாபாரிகளுக்கான இருப்புக் கணக்குத் தளம். தினம் 240 டெஸ்ட், ஒவ்வொன்றும் சுமார் 40 விநாடி. எல்லாவற்றுக்கும் வீடியோ வைத்திருக்கிறோம். டிஸ்க் நிறைகிறது, மழைக்காலத்தில் லைன் இழுக்கும்போது மேலேற்றவே முடிவதில்லை. போதாக்குறைக்கு ரிப்போர்ட்டைப் பக்கத்து மெஷினில் திறந்தால் டிரேஸ் வருவதில்லை.
— ஒரு வாசகர், குமிளி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 240 × 40 = 9,600 விநாடி, அதாவது 160 நிமிடம். பிளேரைட் தன் வீடியோவுக்கு வைக்கும் இலக்கு விநாடிக்கு 1 மெகாபிட். நிமிடத்துக்கு 7.5 எம்பி. மொத்தம் 1,200 எம்பி வரை போகலாம். அசையாத பக்கம் அதிகமென்றால் இதைவிடக் குறையும். 5 எம்பிபிஎஸ் லைனில் 1,200 எம்பி மேலேற 32 நிமிடம் ஆகும், அதுவும் லைன் அறாமல் இருந்தால். தோற்றவற்றை மட்டும் வைத்தால்? நாளுக்கு 12 டெஸ்ட் தோற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 நிமிட வீடியோ, 60 எம்பி, ஒன்றரை நிமிடத்தில் ஏறிவிடும். ஜெயித்த 228 வீடியோக்களை யாராவது எப்போதாவது திறந்து பார்த்தீர்களா? இல்லையென்றால் அவை எதற்கு?

டெஸ்ட்களை இணையத்தில் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் சேவையில் ஓட்டுகிறீர்கள் என்றால் மேலேற்றும் படியில் இரண்டு விஷயம். ‘ரிடென்ஷன்-டேஸ்’ 7 என்று வையுங்கள், விட்டுவிட்டால் 90 நாள் கிடக்கும். இரண்டாவது, அந்தப் படிக்கு ‘இஃப்: ஆல்வேஸ்’ நிபந்தனை கட்டாயம். டெஸ்ட் படி தோற்றால் அடுத்த படிகள் தாமாகவே தவிர்க்கப்படும். அதாவது டெஸ்ட் ஜெயித்த நாளெல்லாம் வீடியோ ஏறும், தோற்ற நாளில் மட்டும் ஏறாது. இந்த ஒரு வரி இல்லாமல் மாதக்கணக்கில் திண்டாடுகிறவர்கள் உண்டு.

பக்கத்து மெஷின் சிக்கல்: டிரேஸ் பார்வைத் திரை, பிரவுசரின் ‘சர்வீஸ் வொர்க்கர்’ வசதியில் ஓடுகிறது. அது எச்டிடிபிஎஸ் முகவரியிலோ, லோக்கல்ஹோஸ்ட்டிலோதான் வேலை செய்யும். ரிப்போர்ட்டை இரட்டைக் கிளிக் செய்து ஃபைலாகத் திறந்தாலும், 192.168 என்று தொடங்கும் முகவரியில் வெறும் எச்டிடிபியில் திறந்தாலும் பட்டியல் தெரியும், டிரேஸ் திறக்காது. ரிப்போர்ட் ஃபோல்டரை அந்த மெஷினுக்கே நகலெடுத்து அங்கே ‘பிளேரைட் ஷோ-ரிப்போர்ட்’ ஓட்டுங்கள். ஒரே ஒரு டிரேஸ் போதுமென்றால் அந்த ஜிப் ஃபைலை மட்டும் அனுப்பி ‘ஷோ-டிரேஸ்’ கட்டளையில் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சைப்ரஸ் என்ற டெஸ்ட் கருவியைப் புதுப்பித்த பிறகு வீடியோ வருவது நின்றுவிட்டது.
— ஒரு வாசகர், குப்பம்

பதிப்பு 13இலிருந்து வீடியோ இயல்பாக அணைத்தே வருகிறது. கான்ஃபிக்கில் ‘வீடியோ: ட்ரூ’ என்று எழுதுங்கள். ‘சைப்ரஸ் ரன்’ கட்டளையில் மட்டுமே படம் பிடிக்கும், ‘ஓபன்’ ஜன்னலில் ஓட்டும்போது பிடிக்காது. ஒரு டெஸ்ட்டுக்கு ஒன்றல்ல, டெஸ்ட்கள் எழுதியிருக்கும் ஒரு ஸ்பெக் ஃபைலுக்கு ஒரு வீடியோ.

கேள்வி: வாடிக்கையாளர் நிறுவனம் தோற்ற டெஸ்ட்களின் டிரேஸை அனுப்பச் சொல்கிறது. வீடியோவில் கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் வருகிறது. அனுப்பலாம்தானே?
— ஒரு வாசகி, செங்கோட்டை

வேண்டாம், பொறுங்கள். புள்ளியாக வருவது வீடியோவில் மட்டும்தான். டிரேஸில் ‘ஃபில்’ கட்டளையைக் கிளிக் செய்தால் என்ன எழுத்து நிரப்பப்பட்டது என்பது பச்சையாகத் தெரியும். நெட்வொர்க் தாவலில் உள்நுழைவுக் கோரிக்கையின் உள்ளடக்கமும், உள்நுழைந்தவர் யார் என்று தளத்துக்குச் சொல்லும் குக்கி, டோக்கன் எல்லாமும் இருக்கும். அந்த குக்கி இன்னும் காலாவதியாகவில்லையென்றால் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே போய்விடலாம்.

உள்நுழைவைத் தனி ‘செட்டப்’ புராஜெக்ட்டாகப் பிரித்து, அதற்கு மட்டும் டிரேஸையும் வீடியோவையும் அணைத்துவிடுங்கள். மற்ற டெஸ்ட்கள் சேமித்து வைத்த உள்நுழைவு நிலையை எடுத்துக்கொள்ளட்டும். அந்த நிலை ஃபைல் ‘கிட்’ என்ற கோட் சேமிப்பகத்துக்குள் போகாதபடி ‘கிட்-இக்னோர்’ பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம். இதற்குப் பிறகும் மற்ற டெஸ்ட்களின் டிரேஸில் குக்கி இருக்கும் என்பதால், அனுப்புமுன் சர்வரில் அந்தச் சோதனைக் கணக்கின் செஷன்களை முடித்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் சில இடங்களை மறைக்கும் ‘மாஸ்க்’ ஆப்ஷன் வீடியோவுக்குக் கிடையாது. எனவே திரையில் வரும் பெயர், போன் எண், ஆதார் எண் எதுவும் உண்மையான மனிதருடையதாக இருக்கக்கூடாது. நேரடி டேட்டாபேஸின் நகலில் டெஸ்ட் ஓட்டுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். தனிநபர் தகவலைக் காக்க 2023இல் இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது. டெஸ்ட் வீடியோ என்பதற்காக அதில் விலக்கு எதுவும் கேட்க முடியாது.

கேள்வி: இரவு ஷிஃப்ட்டில் ஓடும் டெஸ்ட் மட்டும் தோற்கிறது. வீடியோவில் நேற்றைய தேதி தெரிகிறது.
— தொழிற்சாலை வருகைப் பதிவு மென்பொருள் குழு, சத்தியவேடு

கன்டெய்னரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அங்கே இன்னும் முந்தைய நாள். அந்த இடைவெளியில் ஓடும் தேதி டெஸ்ட் எல்லாம் இப்படித் தோற்கும். பிளேரைட்டில் ‘டைம்ஜோன்-ஐடி’க்கு ‘ஏஷியா/கொல்கத்தா’ கொடுத்தால் பிரவுசரின் நேரம் மட்டும் மாறும். டெஸ்ட் கோட் கணக்கிடும் ‘இன்று’ மாறாது. அதற்கு கன்டெய்னரின் ‘டிஇசட்’ மாறியையும் அதே மதிப்பில் வையுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் குழப்பம் இடம் மாறுமே தவிரத் தீராது. அதற்குப் பிறகும் தோற்றால் சர்வர்தான் யுடிசி தேதியைக் கொண்டு வருகை போடுகிறது என்று பொருள். அது நிஜத் தவறு, இரவு ஷிஃப்ட் ஆட்களின் வருகை நேற்றைய கணக்கில் விழுந்துகொண்டிருக்கும்.

கேள்வி: மேலாளரிடம் காட்ட டெஸ்ட் வீடியோ ஒன்று வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் ஓடி முடிகிறது, மவுஸ் அம்பும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் திறக்கவில்லை என்கிறார்.
— ஒரு வாசகர், சித்தூர், பாலக்காடு

‘லாஞ்ச்-ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ஸ்லோ-மோ’ 500 கொடுத்தால் ஒவ்வொரு செயலுக்கும் அரை விநாடி இடைவெளி வரும். டெஸ்ட்டின் நேர வரம்பை 30லிருந்து 120 விநாடியாக உயர்த்திக்கொள்ளுங்கள். இந்த அமைப்பைக் காட்சிக்கு மட்டும் தனி கான்ஃபிக் ஃபைலாக வையுங்கள். தினசரி ஓட்டத்தில் ஸ்லோ-மோ இருந்தால் பக்கம் தயாராகுமுன் கிளிக் விழும் வகைப் பிழைகளெல்லாம் அந்த அரை விநாடியில் ஒளிந்துகொள்ளும்.

அம்பு தெரியாதது கோளாறு அல்ல. பிளேரைட் படம் பிடிப்பது பக்கத்தை, அம்பு பக்கத்தின் பாகம் இல்லை. காட்டியே ஆக வேண்டுமென்றால் மவுஸ் நகரும் இடத்தில் ஒரு சிவப்பு வட்டத்தை வரையும் சின்ன ஸ்கிரிப்ட்டை ‘ஆட்-இனிட்-ஸ்கிரிப்ட்’ வழியாகச் சேர்க்கலாம். அந்த வட்டத்துக்கு ‘பாயின்டர்-ஈவன்ட்ஸ்: நன்’ என்ற ஸ்டைல் கொடுக்க மறந்தால் வட்டம் குறுக்கே நின்று கிளிக் பட்டனில் விழாமல் தடுக்கும்.

பிளேரைட் எழுதுவது வெப்எம் ஃபைல், பல போன்களில் அது வாட்ஸ்அப்பில் வீடியோவாகத் திறக்காது. எஃப்எஃப்எம்பெக்கில் வீடியோ கோடெக் ‘லிப்எக்ஸ்264’, பிக்சல் வடிவம் ‘ஒய்யுவி420பி’ என்று கொடுத்து எம்பி4 ஆக மாற்றி அனுப்புங்கள். பிக்சல் வடிவத்தை விட்டுவிடாதீர்கள். வெப்எம்மிலிருந்து மாற்றும்போது பெரும்பாலும் தானாகவே சரியாக அமையும், ஆனால் ஸ்கிரீன்ஷாட்களைக் கோத்து வீடியோ ஆக்கும் நாளில் அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் ஓடும், போனில் ஓடாது. தொடக்கத்தில் பக்கம் திறக்குமுன் வரும் வெள்ளைத் திரையை ‘-எஸ்எஸ் 1’ சேர்த்து ஒரு விநாடி வெட்டிவிடலாம்.